மானின் கண்ணில் புலி என்ன நிறம்?

பச்சைப் புதரும் காய்ந்த புல்லும் மண்டிய காட்டில், ஆரஞ்சு உடலோடு ஒரு விலங்கு பதுங்கி நின்று வேட்டையாடுகிறது. யோசித்துப் பார்த்தால் இது பெரிய புதிர். முதுமலையிலோ பந்திப்பூரிலோ ஜீப்பில் செல்பவர்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தால், தொலைவிலேயே புலியின் நிறம் பளிச்சென்று கண்ணில் படுகிறது. புள்ளிமானோ, பாயும் தூரத்துக்குப் புலி வந்து சேரும்வரை மேய்ந்துகொண்டிருக்கிறது. நமக்கே தெரிவது, உயிர் போகும் அபாயத்தில் இருக்கும் மானுக்கு ஏன் தெரிவதில்லை?

விடை மானின் விழித்திரையில் இருக்கிறது. நிறம் பார்ப்பதற்கு மனிதக் கண்ணில் மூன்று வகைக் கூம்புச் செல்கள் உள்ளன. ஒரு வகை குறுகிய அலைநீள ஒளிக்கு, அதாவது நீலப் பக்கத்துக்கு, அதிகம் தூண்டப்படும். மற்ற இரண்டும் பச்சைக்கும் சிவப்புக்கும் அருகிலுள்ள அலைநீளங்களுக்குத் தூண்டப்படும். அந்த இரண்டும் அனுப்பும் செய்திகளை ஒப்பிட்டுத்தான் நம் மூளை ஆரஞ்சையும் பச்சையையும் வேறு வேறாகப் பிரிக்கிறது. மான், மாடு, ஆடு ஆகியவற்றுக்கு இருப்பவை இரண்டே வகைக் கூம்புச் செல்கள். நமக்கு இருக்கும் அந்தப் பச்சை-சிவப்பு ஒப்பீடு அவற்றுக்கு இல்லை. ஆகவே புலியின் ஆரஞ்சும் புல்லின் பச்சையும் மானுக்குக் கிட்டத்தட்ட ஒரே நிறம். அமெரிக்காவில் மான் வேட்டைக்குச் செல்பவர்கள் பல மாநிலங்களில் சட்டப்படியே கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு மேலங்கி அணிகிறார்கள். சக வேட்டைக்காரர் தவறிச் சுட்டுவிடாமல் இருக்க அந்த ஏற்பாடு. மானுக்கு அந்த நிறம் உறுத்துவதில்லை என்பதால் வேட்டையும் கெடுவதில்லை.

புலிக்குப் பச்சை மயிரே இருந்திருக்கலாமே என்று கேட்கலாம். பாலூட்டிகளால் அது முடியாது. அவற்றின் மயிருக்கு நிறம் தருவது மெலனின் என்ற நிறமி. அதில் கருப்பும் பழுப்பும் தரும் வகை ஒன்று, செம்மையும் மஞ்சளும் தரும் வகை மற்றொன்று. இந்த இரண்டை எப்படிக் கலந்தாலும் பச்சை வராது. ஆனால் இரண்டு வகைக் கூம்புச் செல்களே உள்ள இரையை ஏமாற்றப் பச்சை தேவையும் இல்லை. ஆரஞ்சு போதும்.

இந்தச் சிறு புதிரை அவிழ்க்கவே எத்தனை பேர் தேவைப்பட்டார்கள் என்று பாருங்கள். மயிரில் உள்ள நிறமியைச் சொல்ல ஒரு வேதியியலாளர், மானின் கூம்புச் செல்களை அளக்க ஓர் உடலியங்கியலாளர், காட்டுக்குள் விழும் வெளிச்சத்தை அளக்கத் தெரிந்த ஒருவர், இவற்றையெல்லாம் சேர்த்து மானின் பார்வையைக் கணிக்கக் கணினி தெரிந்த ஒருவர், புலி எப்படி வேட்டையாடுகிறது என்று அறிந்த களப்பணியாளர். விலங்கு நிற ஆய்வு பல்கலைக்கழகங்களில் கூட்டு வேலையாகவே நடப்பதன் காரணம் இதுதான். பெருந்தன்மையால் யாரும் சேர்ந்து உழைக்கவில்லை. தனியாகச் செய்தால் விடை தவறிவிடுகிறது.

நிறம் எங்கே இருக்கிறது?

ஒரு பறவையின் சிறகு நீலம் என்கிறோம். அந்த நீலம் சிறகில் மட்டும் இருப்பதில்லை. சூரியனிடமிருந்து வரும் ஒளி, அதில் சில அலைநீளங்களை விழுங்கிச் சிலவற்றைத் திருப்பி அனுப்பும் மேற்பரப்பு, திரும்பிய ஒளியை வாங்கும் கண், கண்ணின் செய்தியைப் படித்துப் பொருள்கொள்ளும் மூளை ஆகிய நான்கும் சேர்ந்த பிறகே நீலம் என்ற ஒன்று உண்டாகிறது. ஒன்றை மாற்றினால் நிறம் மாறும். அடர்ந்த காட்டின் தரையில் விழும் ஒளி இலைகளில் வடிகட்டப்பட்டுப் பச்சையேறியது. திறந்த வெளியிலுள்ள ஒளி வேறு. அதே சிறகு இரண்டு இடத்திலும் ஒரே ஒளியைத் திருப்பி அனுப்புவதில்லை.

மேற்பரப்பிலும் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று நிறமி. மெலனினை உடலே தயாரித்துக்கொள்ளும். மஞ்சளும் சிவப்பும் தரும் கரோட்டினாய்டுகளைப் பறவைகள் உணவிலிருந்துதான் பெற வேண்டும். மற்றொரு வழி நுண்ணமைப்பு. மயில் தோகையை அரைத்துப் பொடியாக்கினால் அந்தப் பச்சையும் நீலமும் காணாமல் போகும், எஞ்சுவது மெலனினின் மங்கிய பழுப்புதான். இறகின் நுண்ணிழைகளுக்குள் மெலனின் குச்சிகள் வலைப்பின்னல் போல ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால்தான் குறிப்பிட்ட அலைநீளங்கள் மட்டும் வலுவாகத் திரும்புகின்றன. திருச்சிக்காரரான சி. வி. ராமன் 1934-ல் பறவை இறகுகளின் நிறம் எப்படித் தோன்றுகிறது என்று ஒரு கட்டுரை எழுதினார். அதற்காக அவர் எடுத்துக்கொண்டது நம் வயல்வெளி மின்கம்பிகளில் உட்கார்ந்திருக்கும் பனங்காடையின் இறகு. நோபல் பரிசு வாங்கி நான்கு ஆண்டுகள் கழித்து ஓர் இயற்பியலாளர் பறவை இறகை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தது எனக்குப் பிடித்த செய்தி. நம் கல்லூரிகளில் விலங்கியல் துறையும் இயற்பியல் துறையும் இருக்கும் தூரத்தை நினைத்தால் இன்னும் பிடிக்கிறது.

கண்ணுக்கு வருவோம். நாம் பார்ப்பது ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள அலைநீளங்களை. அதற்குக் கீழே உள்ள புற ஊதாவை நம் விழிவில்லை தடுத்துவிடுகிறது. எறும்புகளுக்குப் புற ஊதா தெரியும் என்பதை ஜான் லப்பாக் 19-ஆம் நூற்றாண்டிலேயே காட்டினார். பறவைகளுக்கும் தெரியும் என்பது 1970-களில்தான் சோதனைகளால் உறுதியாகத் தொடங்கியது. பகலில் இயங்கும் பறவைகள் பலவற்றுக்குக் கூம்புச் செல்கள் நான்கு வகை. நான்காவது வகை ஊதா அல்லது புற ஊதா பக்கம் வேலை செய்கிறது. அதற்கு முன்பு பறவைகளின் அழகைப் பற்றியும் அவை துணையைத் தேர்ந்தெடுக்கும் விதத்தைப் பற்றியும் எழுதப்பட்ட ஏராளமான ஆய்வுகள், மனிதக் கண்ணுக்குத் தெரிந்த நிறத்தை மட்டும் வைத்து எழுதப்பட்டவை. நிற அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு இறகோடு ஒப்பிட்டு எண் போட்டார்கள். பறவை பார்ப்பதில் ஒரு பகுதி அந்த அட்டையிலேயே இல்லை.

பிரிஸ்டலில் ஒரு கூட்டணி

இந்த ஓட்டையை அடைக்க இறங்கிய குழுக்களில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக உயிரியல் துறையைச் சேர்ந்த குழு முக்கியமானது. இன்னஸ் கட்ஹில் விலங்கு நடத்தை ஆய்வாளர். ஆண்ட்ரூ பென்னட்டும் அந்த வழி வந்தவர். ஜூலியன் பார்ட்ரிட்ஜின் திறமை வேறு. ஒற்றைக் கூம்புச் செல்லின் மீது ஒளிக்கற்றையைச் செலுத்தி, அது எந்த அலைநீளத்தை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளக்கும் நுண்கலை அவர் கையில் இருந்தது. நடத்தை தெரிந்தவருக்குக் கண் தெரியாது, கண் தெரிந்தவருக்கு நடத்தைச் சோதனை தெரியாது என்ற நிலை ஒரே கட்டடத்துக்குள் தீர்ந்தது.

1996-ல் அவர்கள் ஜீப்ரா ஃபின்ச் என்ற ஆஸ்திரேலியச் சிறு பறவையை வைத்து ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பெண் பறவைக்கு முன்னால் ஆண் பறவைகள். இடையில் ஒளிவடிகட்டிகள். சில வடிகட்டிகள் புற ஊதாவை விடும், சில தடுக்கும். மனிதக் கண்ணுக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. பெண் பறவைகளுக்கு இருந்தது. புற ஊதா உட்பட முழு ஒளியில் தெரிந்த ஆண்களின் பக்கமே அவை சாய்ந்தன. அடுத்த ஆண்டு, நம் மைனாவின் உறவுப் பறவையான ஸ்டார்லிங்கிலும் இதைப் போன்ற முடிவு வந்தது. 1998-ல் புளூ டிட் என்ற ஐரோப்பியக் குருவியைப் பற்றி பிரிஸ்டல் குழுவும் ஸ்வீடனின் கோத்தன்பர்க் குழுவும் தனித்தனியே ஒரே செய்தியைச் சொன்னார்கள். நமக்கு ஆணும் பெண்ணும் ஒன்றுபோலவே தெரியும் அந்தப் பறவையின் தலைக்கொண்டை, புற ஊதாவில் ஆணுக்கு ஒரு மாதிரி, பெண்ணுக்கு வேறு மாதிரி.

இவ்வளவும் கேட்டால், பறவைகள் புற ஊதாவில் ரகசியம் பேசிக்கொள்கின்றன என்று தலைப்புப் போடத் தோன்றும். அப்படித் தலைப்புகள் வரவும் செய்தன. ஆனால் அதே பிரிஸ்டல் குழு 2001-ல் ஜீப்ரா ஃபின்ச் சோதனையை இன்னும் கண்டிப்பாகத் திரும்பச் செய்தது. புற ஊதாவை மட்டும் நீக்காமல், நிறமாலையின் ஒவ்வொரு பகுதியையும் மாற்றி மாற்றி நீக்கிப் பார்த்தார்கள். சிவப்புப் பகுதியை நீக்கியபோதுதான் பெண்களின் விருப்பம் மிகவும் குலைந்தது. புற ஊதாவின் பங்கு அதைவிடச் சிறியது. புற ஊதா ஒரு தனி ரகசியப் பாதை என்பதற்கு அந்தப் பறவையில் ஆதாரம் கிடைக்கவில்லை. பறவைக்கு அது நான்கு பாதைகளில் ஒன்று, அவ்வளவுதான். தாங்களே கிளப்பிய பரபரப்புக்குத் தாங்களே கடிவாளம் போட்ட இந்தக் கட்டுரையை, முதல் கட்டுரையைவிட நான் உயர்வாக மதிக்கிறேன். எதிர்பார்த்தபடியே, முதல் கட்டுரைதான் ஊருக்கெல்லாம் தெரியும்.

இதில் புதியவர்கள் கவனிக்க வேண்டிய நடைமுறை ஒன்று உண்டு. சாதாரணக் குழல்விளக்கில் புற ஊதா மிகக் குறைவு. ஆய்வகத்தில் அந்த விளக்கின் கீழே பறவையை வைத்து நிறச் சோதனை செய்தால், பறவைக்கு ஒரு நிறத்தையே பறித்துவிட்டுச் சோதிக்கிறோம் என்று பொருள். கைபேசிப் படமும் அப்படியே. கேமராவின் மூன்று உணரிகளும் மனிதக் கண்ணுக்கு இணங்கச் செய்யப்பட்டவை. சாம்பல் நிற அளவுகோலை அருகில் வைத்து, கேமராவை அளந்து, கணக்குப் போட்டுத் திருத்தாமல் அந்தப் படத்திலிருந்து பறவையின் பார்வையைப் பற்றி எதையும் சொல்லக்கூடாது. மேற்பரப்பு ஒவ்வொரு அலைநீளத்திலும் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்று அளக்க நிறமாலைமானி என்ற கருவி வேண்டும். அளந்ததை விலங்கின் கூம்புச் செல்களோடு பொருத்தி, இந்த இரண்டு நிறத்தையும் இந்த விலங்கால் பிரித்தறிய முடியுமா என்று கணிக்கும் கணித மாதிரிகள் உள்ளன. 1998-ல் வோரோபியெவ், ஒசோரியோ ஆகிய இருவர் வெளியிட்ட மாதிரி இன்றும் பரவலாகப் புழங்குகிறது. மாதிரி ஒரு கணிப்பை மட்டுமே தரும். அது சரியா என்று விலங்கிடமே கேட்டாக வேண்டும். அங்கேதான் நடத்தை ஆய்வாளரின் வேலை.

காகித அந்துப்பூச்சிகள்

விலங்கிடம் கேட்பது எப்படி? இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. செலவு சொற்பம், யோசனை மட்டும் அபாரம்.

உருமறைப்பு என்றால் பின்னணியோடு நிறம் ஒத்துப்போவது என்று பொதுவாக நினைக்கிறோம். அமெரிக்க ஓவியர் ஆபட் தேயர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்னொரு வழியைச் சொன்னார். உடலின் விளிம்பை வெட்டிக்கொண்டு செல்லும் அழுத்தமான திட்டுகள் இருந்தால், பார்ப்பவரின் கண்ணுக்கு உடலின் உருவக்கோடு பிடிபடாது. பொய்யான விளிம்புகளில் கண் சிக்கிக்கொள்ளும். இதை உருச்சிதைப்பு எனலாம். ஓவியரின் கண்ணுக்கே உரிய கண்டுபிடிப்பு இது. ஆனால் தேயர் அதோடு நிற்கவில்லை. எல்லா விலங்கின் எல்லா நிறமும் மறைவதற்கே என்று சாதித்தார். பூநாரைகளின் இளஞ்சிவப்பு, சூரியன் மறையும் வானத்தோடு கலந்துபோவதற்கு என்றுகூடச் சொன்னார். முன்னாள் குடியரசுத் தலைவரும் வேட்டைக்காரருமான தியோடர் ரூஸ்வெல்ட் அவரை அச்சிலேயே கடுமையாகக் கிண்டல் செய்தார். உருச்சிதைப்பு என்ற நல்ல கருத்தோ, பாடநூல்களில் அழகான படங்களோடு இடம்பிடித்து, முறையான கள ஆதாரம் இல்லாமலேயே பல பத்தாண்டுகள் உட்கார்ந்திருந்தது.

பிரிஸ்டலில் கட்ஹிலும், அவரிடம் மாணவராக இருந்த மார்ட்டின் ஸ்டீவன்ஸும், உளவியல் துறையில் காட்சியுணர்வை ஆராய்ந்த டாம் ட்ரோஸ்சியான்கோவும், இன்னும் சிலரும் சேர்ந்து இதைச் சோதித்தார்கள். ஓக் மரப் பட்டையைப் படமெடுத்து, அந்தத் திட்டுகளைக் கொண்டு முக்கோண வடிவில் காகித அந்துப்பூச்சிகளை அச்சிட்டார்கள். நிறம் நம் கண்ணுக்கு ஒத்துப்போனால் போதாது என்பதால், அந்தக் காட்டுப் பறவைகளின் கூம்புச் செல்களுக்குப் பட்டையும் காகிதமும் எப்படித் தெரியும் என்று கணக்கிட்டு அச்சு நிறத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். பூச்சியின் உடலாக ஒரு செத்த மாவுப்புழு. ஒரு வகைப் பூச்சியில் திட்டுகள் விளிம்பைத் தொட்டு வெட்டின. இன்னொரு வகையில் அதே திட்டுகள் விளிம்பைத் தொடாமல் உள்ளே தள்ளி இருந்தன. திட்டே இல்லாமல் ஒரே நிறத்தில் சில.

இந்த ஒப்பீட்டின் அழகு இங்கேதான். முதல் இரண்டு வகையிலும் நிறங்கள் ஒன்று, பட்டையோடு உள்ள ஒற்றுமையும் ஒன்று. மாறியது திட்டின் இடம் மட்டும். பின்னணியோடு ஒத்துப்போவதே உருமறைப்பு என்றால் இரண்டும் ஒரே அளவு பிழைக்க வேண்டும்.

பூச்சிகளைக் காட்டு மரங்களில் குத்திவிட்டு, இரண்டு, நான்கு, ஆறு, இருபத்துநான்கு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தார்கள். புழு காணாமல் போயிருந்தால் பறவை கண்டுபிடித்துவிட்டது என்று கணக்கு. இதிலும் ஒரு நுணுக்கம். சிலந்தி தின்றால் உள்ளே உறிஞ்சப்பட்ட வெற்றுக்கூடு மிஞ்சும். நத்தையினத்து ஓடில்லாப் பிராணிகள் தின்றால் பசைத்தடம் இருக்கும். அவை நிறத்தைப் பார்த்து வரவில்லை. எனவே அந்த இழப்புகள் பறவையின் கணக்கில் சேராதபடி புள்ளியியலில் ஏற்பாடு செய்யப்பட்டது. 2005-ல் நேச்சர் இதழில் முடிவு வெளியானது. விளிம்பை வெட்டும் திட்டுள்ள பூச்சிகளே அதிகம் பிழைத்தன. ஓவியர் சொன்னதில் அந்தப் பகுதி சரி.

உளவியலாளருக்கு இங்கே என்ன வேலை என்ற கேள்வி எழலாம். பறவை ஏமாந்தது என்பதைக் காட்டில் கண்டார்கள். ஏன் ஏமாந்தது என்பது காட்சியுணர்வின் கேள்வி. கண்ணும் மூளையும் ஒரு பொருளைப் பிரித்தெடுப்பதற்கு முதலில் செய்வது, ஒளியும் இருளும் சட்டென்று மாறும் இடங்களை விளிம்பாகக் குறித்துக்கொள்வது. கணினியில் விளிம்பு தேடும் நிரல்களும் அதையே செய்கின்றன. அப்படிப்பட்ட நிரலுக்கு இந்தக் காகிதப் பூச்சிகளைக் கொடுத்தபோது, விளிம்பில் திட்டுள்ள பூச்சிகளின் உண்மையான உருவக்கோட்டை அது குறைவாகவே கண்டுபிடித்தது. இதே மாதிரி இலக்குகளைத் திரையில் தேடச் சொன்னால் மனிதர்களும் திணறுகிறார்கள். மனிதர்களைக் கொண்டு சோதிப்பதில் வசதி அதிகம். எங்கே பார்த்தாய், எவ்வளவு நேரம் ஆனது என்று நேரடியாக அளக்கலாம். மனிதக் கண் பறவைக் கண் ஆகாது என்பதை மறக்காத வரை அது நல்ல துணை.

குதிரைக்கு வரிச்சட்டை

வரிக்குதிரைக்கு வரி எதற்கு என்பது டார்வின் காலத்திலிருந்து கேட்கப்படும் கேள்வி. மறைவதற்கு, சிங்கத்தைக் குழப்புவதற்கு, உடலைக் குளிர்விப்பதற்கு, ஒன்றையொன்று அடையாளம் காண்பதற்கு என்று பல விளக்கங்கள். கடிக்கும் ஈக்களைத் தடுப்பதற்கு என்பதும் அதில் ஒன்று. 2012-ல் ஹங்கேரி, ஸ்வீடன் ஆய்வாளர்கள், வரியிட்ட பரப்புகளைக் குதிரை ஈக்கள் அதிகம் நாடுவதில்லை என்று காட்டினார்கள். 2014-ல் டிம் காரோ தலைமையிலான குழு, குதிரையினங்கள் வாழும் பகுதிகளை ஒப்பிட்டு, கடிக்கும் ஈக்களின் தொல்லை உள்ள இடங்களோடு வரிகள் பொருந்துவதாகக் கண்டது.

பொருந்துகிறது என்பது ஒரு தடயம். ஈ என்ன செய்கிறது என்று நேரில் பார்க்க வேண்டுமே. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்த காரோவும், பிரிஸ்டலில் பூச்சிகளின் பார்வையை ஆராயும் மார்ட்டின் ஹவ்வும் சேர்ந்து இங்கிலாந்தின் சாமர்செட் பகுதிப் பண்ணை ஒன்றில், வரிக்குதிரைகளையும் சாதாரணக் குதிரைகளையும் பக்கத்தில் நின்று கவனித்தார்கள். இரண்டையும் நோக்கி ஈக்கள் ஒரே அளவுதான் வந்தன. வரிக்குதிரையின் மீது உட்கார்ந்தவை மட்டும் மிகக் குறைவு. வீடியோவில் காரணம் தெரிந்தது. தரையிறங்கும் ஈ வழக்கமாக வேகத்தைக் குறைக்கும். வரிகளை நெருங்கிய ஈக்கள் வேகத்தைக் குறைக்காமல் மோதின, அல்லது கடைசி நொடியில் விலகிப் பறந்தன. பிறகு குதிரைகளுக்குக் கறுப்புச் சட்டை, வெள்ளைச் சட்டை, வரிச்சட்டை என்று மாற்றி மாற்றிப் போட்டார்கள். வரிச்சட்டையில் உட்கார்ந்த ஈக்களே குறைவு. சட்டை மூடாத தலைப்பகுதியில் மூன்று நிலையிலும் வித்தியாசம் இல்லை. இந்தத் தலைக் கணக்குதான் சோதனையின் உயிர். அது இல்லையென்றால், வரிச்சட்டை போட்ட நாளில் ஈக்களே குறைவாக இருந்திருக்கலாம் என்று யாரும் சொல்லிவிட முடியும். கட்டுரை 2019-ல் வெளியானது. அதே ஆண்டில் ஜப்பானில் கறுப்பு மாடுகளின் மீது வெள்ளை வரிகள் தீட்டிப் பார்த்த குழு, கடிக்கும் ஈக்களின் தொல்லை ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததாகக் கண்டது. சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு 2025-ல் அவர்களுக்குக் கிடைத்தது. நம் ஊர் மாட்டுக்காரர்கள் சுண்ணாம்பு டப்பாவை எடுப்பதற்கு முன், ஈயினங்கள் இடத்துக்கு இடம் வேறுபடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பிரிஸ்டலிலேயே இதைவிட விசித்திரமான கூட்டணியும் நடந்தது. சீனாவில் கிடைத்து ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் அருங்காட்சியகத்துக்கு வந்த சிட்டகோசாரஸ் என்ற சிறு டைனோசரின் புதைபடிவத்தில் நிறமியின் தடயங்கள் எஞ்சியிருந்தன. தொல்லுயிரியலாளர் யாகோப் வின்தர், சிற்பி ராபர்ட் நிக்கல்ஸ், நம் கட்ஹில் ஆகியோர் சேர்ந்து அதன் முழு உருவ மாதிரியைச் செய்தார்கள். முதுகு அடர்நிறம், வயிறு வெளிர்நிறம். மேலிருந்து விழும் ஒளியால் வயிற்றில் உண்டாகும் நிழலைச் சமன்செய்யும் இந்த அமைப்பு இன்றைய மான்களிலும் மீன்களிலும் உண்டு. எவ்வளவு வெளிர்நிறம், எந்த இடத்தில் மாறுகிறது என்பது வாழுமிடத்தின் ஒளியைப் பொறுத்தது. ஆகவே சாம்பல் நிறம் பூசிய மாதிரி ஒன்றைத் திறந்த வெளியிலும் மரநிழலிலும் வைத்துப் படமெடுத்து, நிழல் விழும் விதத்தைப் புதைபடிவத்தின் நிறத்தோடு ஒப்பிட்டார்கள். மரநிழலோடு பொருந்தியது. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்த விலங்கு, அடர்ந்த மரங்களின் கீழே வாழ்ந்திருக்கும் என்று அதன் வயிற்றின் நிறத்தை வைத்துச் சொன்னது 2016-ல்.

நம் பாறைகளின் மேல்

தென்னிந்தியாவின் பாறைக்குன்றுகளில் வெயிலில் தலையாட்டிக்கொண்டிருக்கும் பாறை ஓணானைப் பார்த்திருப்பீர்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் சூழலியல் அறிவியல் மையத்தில் மரியா தாக்கரும் அனுராதா படாப்யாலும் இதன் ஆண்களை ஆராய்ந்தார்கள். இந்த ஆண் ஓணான் இன்னோர் ஆணை எதிர்கொள்ளும்போது முதுகுப் பட்டை மஞ்சளாகவும் பக்கவாட்டு ஆரஞ்சாகவும் மாறுகிறது. பெண்ணை எதிர்கொள்ளும்போது அதே முதுகுப் பட்டை சிவப்பு, பக்கவாட்டு கறுப்பு. உடலின் ஒரே இடம், ஆளைப் பொறுத்து வேறு நிறம். 2017-ல் வெளியான ஆய்வின்படி, சண்டையில் நிறமாற்றம் வேகமானது, காதலில் நிறங்களுக்கு இடையிலான வேறுபாடு அதிகமானது. எதிரி முன்னால் நிற்கும்போது தாமதம் ஆபத்து, பெண்ணின் முன்னால் மங்கலாகத் தெரிவது நஷ்டம் என்று அதைப் புரிந்துகொள்ளலாம்.

இப்படியொரு ஆய்வைத் தொடங்குவதற்கு முன்பே சில கதவுகளைத் தட்ட வேண்டும். விலங்கைப் பிடிப்பதற்கு வனத்துறையின் அனுமதி, ஆய்வகத்தில் வைத்திருப்பதற்கு நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல். இங்கிலாந்தில் இதற்கென 1986-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. அனுமதிக் கடிதத்தை எழுதுபவரும் ஆய்வில் பங்காளிதான் என்பதைப் பல மாணவர்கள் தாமதமாகவே உணர்கிறார்கள்.

கூட்டு வேலையில் எல்லாம் இணக்கமாக முடிவதும் இல்லை. பட்டாம்பூச்சிச் சிறகுகளில் உள்ள கண் போன்ற வட்டங்களைப் பற்றிய சண்டை அதற்குச் சான்று. அவை உண்மையிலேயே கண் போலத் தெரிந்து பறவையை மிரட்டுகின்றனவா, அல்லது பளிச்சென்ற வட்டம் என்பதாலேயே தயங்க வைக்கின்றனவா? ஸ்டீவன்ஸும் உடன் பணியாற்றியவர்களும் காகிதப் பூச்சிகளைக் கொண்டே சோதித்து, கண் போன்ற தோற்றத்துக்குத் தனிப்பலன் இல்லை, பளிச்சிடுவதே காரணம் என்று 2008-ல் சொன்னார்கள். 2015-ல் பின்லாந்தின் யுவாஸ்கிலா பல்கலைக்கழகக் குழு, ஆந்தைக் கண் போன்ற வட்டமுள்ள பட்டாம்பூச்சியின் படத்தைத் திரையில் திடீரென்று காட்டியபோது, சிறு பறவைகள் உண்மையான ஆந்தைக் கண்ணின் படத்துக்கு மிரண்ட அளவுக்கு மிரண்டதாகக் கண்டது. முதல் சோதனையில் வட்டங்கள் மரத்தில் அசையாமல் இருந்தன. இரண்டாவதில் பறவையின் முகத்துக்கு எதிரே திடீரென்று தோன்றின. இரண்டு முடிவும் தத்தம் சூழலில் சரியாக இருக்க முடியும் என்றே எனக்குப் படுகிறது.

கருவி எதுவும் இல்லாத கல்லூரி மாணவர்களும் இந்தத் துறையில் கால் வைக்கலாம். பாறை ஓணான் உள்ள குன்றுக்கு இனப்பெருக்கக் காலத்தில் இரண்டு பேராகச் செல்லுங்கள். பிடிக்க வேண்டாம், நெருங்க வேண்டாம், பைனாகுலர் போதும். ஒருவர் நடத்தையை மட்டும் எழுதட்டும்: எதிரே வந்தது ஆணா பெண்ணா, தலையாட்டியதா, துரத்தியதா, எத்தனை மணிக்கு. மற்றவர் ஓணானின் உடலை மட்டும் ஒரே தூரத்திலிருந்து தொடர்ந்து படமெடுக்கட்டும். பிறகு படங்களைக் கலைத்து, களத்துக்கே வராத மூன்றாம் நபரிடம் கொடுத்து முதுகின் நிறத்தையும் பக்கவாட்டு நிறத்தையும் குறிக்கச் சொல்லுங்கள். எந்தப் படம் எந்தச் சந்திப்பில் எடுத்தது என்று அவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால், சண்டை என்று கேட்டவுடன் வெளிர்சிவப்பும் அவர் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரியத் தொடங்கிவிடும்.